தார்ப்பாயா, அக்காவா?

ஐம்பதுகளில் ஒரு வருடம், நானும் அக்காவும் மாமாவும் கெலமங்கலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு நடந்தே போவதென்று முடிவு செய்தோம். அக்காவுக்கு முட்டி வலி. நாட்றாம்பாளையம் தாண்டினால் வண்டி போகாது, காடுதான். வாடகைக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு மட்டக்குதிரை. அதன்மேல் அக்கா ஏறலாம், இல்லையென்றால் மாமாவின் தார்ப்பாய் ஏறலாம்.

அந்தத் தார்ப்பாய், யுத்தம் முடிந்தபின் பெங்களூரில் மாமா வாங்கிய பட்டாளத்துச் சரக்கு. இரண்டு ஆள் தூக்கினாலும் மூச்சு வாங்கும்.

"மழ வந்தா எங்கடா படுக்கறது? இது இல்லாம நான் வரமாட்டேன். அவ ஊட்லயே இருக்கட்டும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுதல் வைத்தவளே அக்காதான். அவளை விட்டுவிட்டுத் துணி மூட்டையைச் சாமி கும்பிட அழைத்துப் போவதா?

சந்தையில், மலைப்பக்கமிருந்து புளி கொண்டுவரும் கன்னடக்காரர் ஒருவரைப் பிடித்தேன். ஆனேக்கல்லில் குடியிருந்த அக்காவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. இருந்தும், "நீ சும்மா இரு, நான் பேசறேன்" என்று அவளை அடக்கிவிட்டு, காட்டில் மழை வந்தால் சத்திரம் உண்டா என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன்.

"தொட்ட சத்ரி இதெ!" என்று தலையாட்டினார்.

பெரிய சத்திரமே இருக்கிறதாம்! ஓடிவந்து மாமாவிடம் சொன்னேன். அரைமனதாகத் தார்ப்பாயை இறக்கினார். ஆளுக்கொரு கம்பளி போதும் என்றானது. அக்கா குதிரை ஏறினாள்.

காட்டுக்குள் நுழைந்த மறுநாள் சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. எதிரே மாடு ஓட்டி வந்தவரிடம், "சத்திரம் எங்கீங்க?" என்றேன்.

"சத்திரமா? இந்தக் காட்லயா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா! அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்ரி என்றால் கன்னடத்தில் குடை. என் கன்னடத்தில் சத்திரம் குடையாகிவிட, அந்த மனிதர் தன்னிடம் பெரிய குடை இருப்பதைத்தான் சொல்லியிருக்கிறார்.

திட்டிக்கொண்டே மாமா மூன்று கம்பளிகளையும் முனைக்கு முனை முடிந்தார். நான் குதிரையின் கயிற்றை இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டி, அதன்மேல் கம்பளியைப் போட்டேன். உள்ளே சொட்டவே இல்லை என்றால் பொய். ஆனாலும் மூன்று பேரும் ஒண்டிக்கொள்ள முடிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மாமாவின் வாய்தான் ஓயவில்லை.

"அவனத் திட்டாதீங்க" என்றாள் அக்கா. "அந்த ஆளு சத்ரின்னு சொன்னது எனக்கு நல்லாவே கேட்டுச்சு."

"கேட்டுச்சா? அப்பவே சொல்றதுக்கு என்னடி?"

"சொல்லியிருந்தா இப்ப இந்த எடத்துல தார்ப்பாய்தானே உக்காந்திருக்கும்?"