லெட்சுமணன் எடுத்த வெள்ளைச் சேலை

கண்டி டவுனில் லெட்சுமணன் வேலை பார்த்த புடவைக் கடையில், யாராவது வெள்ளைச் சேலை கேட்டு வந்தால் அவன் மெதுவாக உள்ளே போய்விடுவான். பௌர்ணமிப் போயாவுக்கு முந்தின நாள்களில் சிங்களப் பெண்கள் பன்சலையில் புத்தரைக் கும்பிடக் கட்டிப் போக வெள்ளை கேட்டு வரிசையாக வருவார்கள். அன்றைக்கெல்லாம் அவன் ஸ்டோரில் நின்று பெட்டி அடுக்குவான். முதலாளிக்கு இது பிடிக்காது. ஆனாலும் அத்தனை வருஷம் உழைத்தவனை என்ன சொல்வது என்று விட்டுவிட்டார். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

லெட்சுமணன் எனக்குச் சித்தப்பா மகன். பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருக்கிற லயத்தில் பிறந்தவன். அவனுக்குப் பின்னால் பிறந்த ரெண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் மூக்குக் குத்துவதாக நேர்ந்துகொண்டு, பிறந்தவளுக்கு மூக்காயி என்று பேரும் வைத்தார்கள். அவள் தங்கினாள். கட்டிக்கொண்டவன்தான் தங்கவில்லை. மரத்திலிருந்து விழுந்து போனான். பிள்ளையும் இல்லை. அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். வந்த கொஞ்ச நாளில் லெட்சுமணன் பெண்சாதி இராஜகுமாரியும் காய்ச்சலில் கண்ணை மூடினாள். கைப்பிள்ளையாக இருந்த சுகிர்தாவை மூக்காயிதான் தூக்கி வளர்த்தாள். சமைத்தது, துவைத்தது, பள்ளிக்கு அனுப்பியது எல்லாம் அவள். லெட்சுமணன் விடிய பஸ் ஏறிக் கண்டிக்குப் போய் இருட்டின பிறகு வருவான். துணியை விரலால் தடவி இது எந்த ஊர் நெசவு என்று சொல்வான். ஆனால் முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சியைக்கூடத் தன் கையால் அலசியவன் இல்லை.

சுகிர்தா நன்றாகப் படித்தாள். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை மட்டும் இல்லை, அந்த லயத்தின் ஆசை. உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் எடுத்தாள். மருத்துவபீடத்து வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை குறைந்துவிட்டது. ரெண்டாம் தடவையும் அப்படியே. அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்று தோட்டப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஓர் இடத்தைச் செலவில்லாமல் கொடுக்கிறது, கண்டியில் ஒரு ஹோட்டலில் நேர்முகம் வைக்கிறது என்று தகவல் வந்தது. விண்ணப்பம் போட்டாள். கூப்பிட்டார்கள். பெண் பிள்ளைகள் சேலை கட்டி வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள்.

லெட்சுமணன் கடையில் நின்று ஒரு வாரம் யோசித்து, கரை இல்லாத வெள்ளைப் பருத்திச் சேலை ஒன்றை எடுத்து வந்தான். கதிரையில் விரித்துக் காட்டினான். மூக்காயிக்கு முகம் சுண்டிப் போனது.

"என்னா அண்ணே இது. கலியாணம் காச்சி காணாத புள்ளைக்கு வெள்ளையா?"

"இது வெள்ளை இல்ல தங்கச்சி. ஆஃப் வைட்டு."

"என்னாத்த ஆஃப் பண்ணாலும் வெள்ளை வெள்ளதான். என்ன மாதிரி ஆக்கிப் பாக்கணுமா அவள?"

"டவுன்ல பெரிய எடத்துப் பொம்பளைங்க எல்லாம் நல்ல காரியத்துக்கு இதத்தான் கட்டுறாங்க. நான் தினமும் விக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"வித்தா போதுமா," என்றாள் மூக்காயி. "கட்டிட்டுப் போறது நம்ம புள்ள."

சுகிர்தா நடுவில் வந்து, "அத்தை, டாக்டரு கோட்டும் வெள்ளைதான். இப்பவே பழகிக்கிறேன்," என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். மூக்காயி சிரித்தாளே தவிர மனசு ஆறவில்லை.

நம் ஆட்களிடம் புதுத்துணி என்றால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் உடம்பில் போடுவது இல்லை. அதைத் தாலியோடு கட்டுக்கழுத்தியாக இருக்கிறவள் வைக்க வேண்டும். அந்த வீட்டில் தீபாவளி, பொங்கல் எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டு இராஜேஸ்வரிதான் வந்து வைப்பாள். மூக்காயி தள்ளி நிற்பாள். இந்தத் தடவை நேர்முகம் முடிகிறவரை யாருக்கும் தெரியக்கூடாது, கண் பட்டுவிடும் என்று லெட்சுமணன் சொல்லி வைத்திருந்தான். ஆகவே இராஜேஸ்வரியைக் கூப்பிட வழி இல்லை. வெள்ளைச் சேலை, அதிலும் மஞ்சள் படாத வெள்ளைச் சேலை. மூக்காயியால் அதைப் பொறுக்க முடியவில்லை. யாருக்கும் தெரியாமல் மஞ்சளை உரைத்து, அலுமாரியில் மடித்திருந்த சேலையின் உள்முனையில் தானே வைத்துவிட்டாள். வெள்ளைக்கு ஈடாக இருக்கட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்திருக்கிறாள். ஈர மஞ்சள் ஒரு மடிப்போடு நிற்கவில்லை. அடுத்த மடிப்புகளிலும் ஊறி இறங்கிவிட்டது.

விடியற்காலையில் மங்கல் பல்பு வெளிச்சத்தில் சேலை கட்டியதால் ஒருவருக்கும் அது தெரியவில்லை. கொசுவம் பிடித்துவிட்ட அத்தையின் நகக்கண்ணில் மஞ்சள் இருந்ததை மட்டும் சுகிர்தா கண்டாள். சமையல் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஹோட்டலில் மேல்மாடி வராந்தாவில் கதிரை போட்டு வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். அப்பாவும் மகளும் கடைசியில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் திகனயிலிருந்து ஒரு முஸ்லிம் அம்மா, தன் மகன் ருஷ்தியோடு இருந்தாள். பையனுக்கும் சுகிர்தாவுக்கும் முன்னால் இன்னும் ரெண்டு பேர்தான். சுகிர்தா முகம் கழுவி வரப் போனாள். அங்கே ஆளுயரக் கண்ணாடி. திரும்பிப் பார்த்தால், பின்பக்கம், உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு மஞ்சள் திட்டு. விரல் நகம் அளவு இருக்கும். கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். அப்படியே விட்டிருந்தால் உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள்.

அவள் விடவில்லை. கை கழுவ அங்கே வைத்திருந்த சவர்க்காரக் கட்டியை எடுத்துத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். மஞ்சள் ஒரு கணத்தில் சிவந்துவிட்டது. பதறிப் போய் இன்னும் தேய்த்தாள். நகம் அளவு இருந்தது உள்ளங்கை அளவு ஆகி, ஈரத்தோடு கீழேயும் இழுத்துக்கொண்டு இறங்கியது. வெள்ளைச் சேலையில், பெண்பிள்ளையின் பின்புறத்தில், சிவப்பு.

அப்பாவிடம் சொல்லி ஏதாவது வழி பார்க்கலாம் என்று வெளியே வந்தாள். சுவரோரமாக நடந்து வந்தாலும் கதிரையில் உட்காரத் திரும்பும்போது லெட்சுமணன் கண்டுவிட்டான். மாதாமாதம் பெண்களுக்கு வருவது பிள்ளைக்கு இந்த நேரம் பார்த்து வந்துவிட்டது என்று நினைத்தான். தாயில்லாப் பிள்ளை. அந்த விஷயம் ஒரு நாளும் அவன் காதுக்கு வந்ததில்லை, எல்லாம் மூக்காயியோடு. சட்டென்று எழுந்து மகளுக்குப் பின்னால் மறைத்து நின்றான்.

"வா புள்ள, போவோம்."

"அப்பா, இது வந்து..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். வா."

"இல்லப்பா, கேளுங்க..."

"வேணாம்ங்கிறேன்ல."

அந்த முஸ்லிம் அம்மா பார்த்துவிட்டாள். தோளில் போட்டிருந்த பெரிய கறுப்புச் சால்வையை எடுத்துச் சுகிர்தாவின் கையில் திணித்தாள்.

"மகள், இந்தாங்க. இத இடுப்பச் சுத்திக்கிட்டு உள்ளுக்குப் போங்க. பயப்பட வாணாம். பொறகு தந்தாப் போதும்."

"வேணாங்க," என்றான் லெட்சுமணன். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நானா," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள். "இப்பப் புள்ளட பேரக் கூப்பிடுவாங்க. இதெல்லாம் எல்லாப் பொம்பளப் புள்ளைக்கும் உள்ளதுதானே. கொஞ்சம் பொறுங்க."

அவள் நல்ல மனசோடு சொன்ன அந்த வார்த்தைதான் லெட்சுமணனை இன்னும் கூசிப் போக வைத்தது. எதிர்க் கதிரைகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கையிலிருந்து சால்வையை எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். மஞ்சள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சுகிர்தாவுக்கு அப்போது அத்தையின் நகக்கண் ஞாபகம் வந்துவிட்டது. சொன்னால் யார் வைத்தது என்று வரும். தாலி இழந்தவள் நல்ல காரியத்துக்கு மஞ்சள் தொட்டாளா என்று வரும். அவள் தயங்கினாள். அதற்குள் மாடிப்படி இறங்கிவிட்டார்கள். பாதிப் படியில் மேலே அவள் பேரைக் கூப்பிடுவது கேட்டது. ரெண்டு தரம் கூப்பிட்டார்கள். லெட்சுமணனுக்கும் கேட்டிருக்கும். அவன் கையை விடவில்லை.

பன்வில பஸ்ஸில் அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, சான்றிதழ் பைலை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். வத்தேகம தாண்டியதும், "நாம குடுத்து வச்சது அவ்வளவுதான் தாயி," என்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்காயி, "என்னா கேட்டாங்க, என்னா சொன்ன?" என்று ஓடி வந்தாள்.

"எடம் ஏற்கனவே முடிஞ்சு போச்சாம் அத்தை," என்றாள் சுகிர்தா. அன்றைக்கே லயத்துக்குப் பொதுவாகத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய், ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துச் சேலையைத் தானே அலசிக் காயப்போட்டாள். வாசலில் இருந்து பார்த்த லெட்சுமணன், தான் நினைத்ததுதான் சரி என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுகிர்தா போன் பண்ணிக் கேட்டபோது வராதவர்களுக்கு மறுபடி நேரம் கொடுப்பதில்லை என்றார்கள். அந்தச் சேலையை அவள் மறுபடி கட்டவே இல்லை.

அதற்குப் பிறகு சுகிர்தா விஞ்ஞான ஆசிரியையாக வேலை எடுத்து, நாவலப்பிட்டிப் பக்கம் போனாள். திலீபன் என்று நல்ல பையன், ரயில்வேயில் இருக்கிறவன், கட்டிக்கொண்டான். யசோதினி என்று ஒரு பெண் குழந்தை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் யாருக்காவது காய்ச்சல், சுகமில்லை என்றால் லெட்சுமணன் இருக்கிற இடத்தில் பேச்சை மாற்றிவிடுவோம். என் மகள் டாக்டராகி இருக்க வேண்டியவள் என்று அவன் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொள்வதைக் கேட்க ஒருவராலும் முடியாது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. கடைசி நாள் மஞ்சள் நீர் விளையாட்டில் யாரோ ஒரு வாளியை லெட்சுமணன் மேல் ஊற்றிவிட்டார்கள். கடையை விட்டு நின்று கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மூக்காயிக்கு முழங்கால் மடங்காமல் போய்விட்டதால், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சட்டையைத் தானே எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனான். கல்லில் போட்டுச் சவர்க்காரத்தைத் தேய்த்தான்.

சட்டை சிவந்தது.

கையை எடுத்துவிட்டான். காயம் பட்டுவிட்டதா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பக்கத்தில் துவைத்துக்கொண்டிருந்த இராஜேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா அண்ணே அப்புடிப் பாக்குறீங்க. மஞ்சப் பட்ட துணியில சவுக்காரம் போட்டா செவக்கத்தான் செய்யும். அலசிக் காயப்போடுங்க, போயிரும்."

"எப்பவுமா?"

"எப்பவுந்தான். ஊருல எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். நீங்க புடவைக் கடையில என்னா பண்ணீங்க இத்தன வருஷமா?"

அவன் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது என்று இராஜேஸ்வரி என்னிடம் சொன்னாள்.

மறுநாள் காலையில் நாவலப்பிட்டிக்குப் போனான். சுகிர்தா பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை வாசலில் இருந்தான். அவள் வந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"அன்னைக்கு ஹோட்டல்ல," என்றான். "அது மஞ்சளா புள்ள?"

"ஆமாப்பா," என்றாள் அவள்.

"சவுக்காரம் போட்டியா?"

"போட்டேன். செவக்கும்னு ஸ்கூல்லயே படிச்சதுதான். அந்த நேரம் புத்தியில வரல."

"ஏன் தாயி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்ல விடலயேப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். லெட்சுமணன் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தச் சால்வையயாவது நான் வாங்கியிருக்கலாம்," என்றான்.

"விடுங்கப்பா."

"யாரு வச்சது மஞ்ச?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கே விளங்கிவிட்டது. அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்.

"அத்தைக்கு மட்டும் சொல்லிறாதீங்கப்பா," என்றாள் சுகிர்தா. "தான் தொட்டதுனாலதான் இப்புடி ஆச்சுன்னு நெனச்சுக்குவாங்க. அவங்க மனசு தாங்காது. இத்தன வருஷம் நான் வாயத் தொறக்காம இருந்ததே அதுக்குத்தான்."

இதைச் சுகிர்தாவே பிறகு என்னிடம் சொன்னாள். அப்பா அழுதாரா என்று கேட்டேன். இல்லை, எழுந்து போய் ஆறின தேத்தண்ணியை வெளியே ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார் என்றாள்.

அந்தத் தீபாவளிக்கு யசோதினிக்கு ஒரு பாவாடை சட்டை எடுத்து வந்தான். வெள்ளையில் பூப்போட்டது. மஞ்சளை உரைத்து மூக்காயி முன்னால் தானே கொண்டு வந்து வைத்தான்.

"நீ வை."

"என்னா அண்ணே புதுசா. இராஜேஸ்வரியக் கூப்பிடுங்க."

"நீ வளத்த புள்ளையோட புள்ள. நீ வை."

"நான் தொடக்கூடாது அண்ணே."

"யாரு சொன்னா? நான் சொல்றேன், வை."

மூக்காயி விரலைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓரத்தில் ஒரு கடுகளவு வைத்தாள். வைத்தது யாருக்கும் தெரியாது, அவ்வளவு சின்னது.

"இன்னும் கொஞ்சம் வையேன்," என்றான் லெட்சுமணன்.

போன மாசியில் மூக்காயி போய்ச் சேர்ந்துவிட்டாள். சுகிர்தாவுக்கு அந்த இடம் ஏன் கிடைக்கவில்லை என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது. அவள் இல்லாததால்தான் இதை நான் இப்போது எழுதுகிறேன். லெட்சுமணன் அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறான். துணியைத் தானே பீலிக்குக் கொண்டுபோய்த் துவைக்கிறான். இப்போது நன்றாகவே துவைக்கிறான் என்று இராஜேஸ்வரி சொல்கிறாள்.