நான்காவது தந்திக்கு ஒரு புத்தகம்

எனக்குக் காது கிடையாது என்று பத்து வயதிலேயே முடிவாகிவிட்டது. கோயம்புத்தூரில் பாட்டு டீச்சர் மூன்று மாதம் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்குச் சுருதி ஒட்டவே ஒட்டாதுங்க, வேற எதுலயாச்சும் சேத்து விடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு பள்ளிப் பிரார்த்தனையில் வாயை மட்டும் அசைப்பேன். கல்யாணமாகி, இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலைக்காகப் புனேவுக்கு வந்து கராடியில் குடியேறியபோதும் அதே கதைதான். எங்கள் அடுக்குமாடியில் பிள்ளையார் வைக்கும் நாட்களில் ஆரத்திக்கு எல்லாரும் தொண்டை கிழியப் பாடுவார்கள். நான் கைதட்டுவதோடு சரி.

இப்படிப்பட்டவளுக்குத்தான், வெளிநாடு போய்வந்த ஆபீஸ் தோழி ஒரு உகுலேலே வாங்கி வந்தாள். பப்பாளிப்பழ அளவில் நான்கு தந்தி வைத்த குட்டி கிதார். கடையிலேயே சுருதி சேர்த்துக் கொடுத்தார்களாம். வாசிக்கத் தெரியாததால் ஒரு வாரம் மேலிருந்து கீழே விரலால் சும்மா வருடிக்கொண்டிருந்தேன். கீழிருந்து எண்ணினால் நான்காவதாக, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் தந்தி கீச்சென்று ஒலிக்கும், அடுத்தது சட்டென்று இறங்கும், மீதி இரண்டும் ஏறிப் போகும். அந்த இறக்கம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

எட்டாம் நாள் நான்காவது தந்தி அறுந்தது. கேம்ப் பகுதியில் ஒரு கிதார் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தடிமனான தந்தி ஒன்றை மாட்டித் தந்தார். வருடிப் பார்த்தேன். தாழ்ந்த ஒலியில் தொடங்கி ஒரே சீராக ஏறியது. என் இறக்கத்தைக் காணோம்! முன்பு இப்படி இல்லையே என்றேன். "மேடம், மோட்டா தார் ஊப்பர், பத்லா நீச்சே. கிதார் மே ஐசா ஹீ ஹோத்தா ஹை" என்று சிரித்தார். தடித்தது மேலே, மெல்லியது கீழே, கிதார் என்றால் அப்படித்தானாம்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். "பாட்டு டீச்சரே கைய விரிச்ச காது. அத நம்பி கடைக்காரர்கிட்ட மல்லுக்கு நிக்கறியா புள்ள?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சனிக்கிழமை புத்தகக் கடைக்குப் போனேன். எந்தப் புத்தகம் நான்காவது தந்தியைப் பற்றிச் சொல்கிறதோ அதைத்தான் வாங்குவது என்று வைராக்கியம். கடை ஆள் முதலில் கிதார் புத்தகத்தை நீட்டி, ஆறு தந்தியில் இரண்டை மறந்துவிடுங்கள் என்றார். நல்ல யோசனைதான், போங்கள்! தேடித் துழாவி உகுலேலே புத்தகங்கள் இரண்டை எடுத்துத் தந்தார். தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

முதலாவது வழுவழு அட்டையோடு தடியாக இருந்தது. பாட்டுகளே ஐம்பதுக்கு மேல். மூன்றாம் பக்கத்தில் நான்காவது தந்திதான் எல்லாவற்றிலும் தடிமன் என்று போட்டிருந்தது. கடைக்காரர் சொன்னது சரி, கணவர் சொன்னது சரி, டீச்சர் அன்று சொன்னதும் சரி. புத்தகத்தை மூடப்போனபோது படத்தைப் பார்த்தேன். அதில் இருந்தவர் வாத்தியத்தை நெஞ்சு முழுக்க அணைத்திருந்தார். என்னுடையதோ பப்பாளிப்பழ அளவுதான். பக்கத்தைத் திருப்பினால், இது பெரிய வகை உகுலேலேவுக்கான புத்தகம் என்று பொடி எழுத்தில் இருந்தது.

இரண்டாவது, பாட்டு நோட்டு மாதிரி ஒல்லி. அட்டை மங்கிப்போயிருந்தது, பாட்டுகள் ஆறேழுதான். ஆனால் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள்: சிறிய உகுலேலேயில் நான்காவது தந்தி மூன்றாவதைவிட உயரமாக ஒலிக்கும், கிதார் பழகியவர்கள் தவறென்று நினைத்துத் தடித்த தந்தியைப் போட்டுவிடுவார்கள், போடாதீர்கள். மூன்று முறை படித்தேன். கடை என்றும் பாராமல், "அப்பிடிப் போடு!" என்று தமிழில் கத்திவிட்டேன்.

ஒல்லிப் புத்தகத்தோடு நேரே கேம்ப்புக்குப் போனேன். கடைக்காரர் அந்தப் பக்கத்தை வாய்க்குள்ளேயே படித்தார். தடித்ததைக் கழற்றி மெல்லியதைப் பூட்டி, முறுக்கி, என்னிடம் நீட்டினார். வருடினேன். கீச்சென்று உயரம், சட்டென்று இறக்கம். பழைய ஒலி! கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "ஆப் கா கான் அச்சா ஹை" என்றார். உங்கள் காது நல்ல காது என்கிறார். இதைக் கேட்க எனக்கு இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

அந்தப் புத்தகத்தின் ஆறேழு பாட்டில் மூன்றைத் தாண்டவில்லை, அது வேறு விஷயம். அந்த வருடம் பிள்ளையார் வந்தார். முதல் நாள் ஆரத்தியில் எல்லாரோடும் கைதட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாவது அடியில் என்னையறியாமல் வாய் திறந்தது. மராத்தி வார்த்தைகள் பாதிதான் தெரியும், மெட்டு முழுதாகத் தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்ற கணவர் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.