பினாங்குப் பெட்டிக்கு இதம் சேர்த்த கதை

ரேடியோ மெக்கானிக் வேலையில் பாடாத பெட்டியைப் பாடவைப்பது பெரிய காரியமில்லை. நன்றாகப் பாடுகிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து "ஏதோ கொறையுது" என்று நிற்கிறவர்களிடம்தான் நாக்குத் தள்ளிப்போகும். தையல் கடைக்காரர்களுக்கும் கல்யாணச் சமையல்காரர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும். உப்பு இருக்கிறது, புளி இருக்கிறது, ஆனாலும் ஏதோ குறைகிறது என்று இலையில் கையை வைத்துக்கொண்டு சொல்கிறவரிடம் என்ன பேசுவது?

அறுபதுகளில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தேன். அதுவரை ஜனங்கள் கேட்டதெல்லாம் வால்வு ரேடியோ. சூடேறி, நிதானமாகத்தான் பாட ஆரம்பிக்கும். பாட்டு கொஞ்சம் மந்தமாக, குழைவாக வரும். காதுகள் அதற்குப் பழகிவிட்டன. பிறகு டிரான்சிஸ்டர் வந்து, சுவிட்சைத் தட்டியதும் பளிச்சென்று பாடியது. அந்தப் பளிச்சுதான் எங்கள் தலையில் விடிந்தது.

முந்திரி வியாபாரியின் காது

முதலில் வந்து மாட்டியவர் பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர். புது டிரான்சிஸ்டர் செட்டை மேசையில் வைத்து, "பாட்டு வறவறன்னு இருக்கு. எதமா இல்ல" என்றார். திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னால் எனக்குத் தொழில் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார் என்பதால், ஒரு கண்டன்சரைப் பற்றவைத்துக் கீச்சொலியைக் குறைத்தேன். சுருக்கமாகச் சொன்னால், நல்ல செட்டைக் கொஞ்சம் கெடுத்துக் கொடுத்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் பாடுறவரு சாப்ட்டுட்டு வந்து பாடுறாப்ல இருக்கு."

ஆஸ்பத்திரிப் பாட்டு

அந்த வியாபாரி வாயால் என் பெயர் பரவி, சிதம்பரத்திலிருந்து ஒரு மரைக்காயர் கூப்பிட்டு அனுப்பினார். பூர்வீகம் பரங்கிப்பேட்டை. இருபது வருஷம் பினாங்கில் கடை வைத்திருந்துவிட்டு, இனி ஊரோடு இருப்பது என்று வந்து சிதம்பரத்தில் வீடு கட்டியிருந்தார். மொசைக் தரை, உயரமான சுவர்கள். முன்கூடத்தில் ஒரு ஸ்டீரியோ செட்: ரெக்கார்ட் பிளேயர், டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், தனித்தனியாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். கூடவே ஒரு கட்டு மலாய்ப் பாட்டுத் தட்டுகள். போட்டுக் காட்டினார். பாடுகிற பெண் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அப்படி ஒரு சுத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

குறை அவருக்கில்லை, அவர் சம்சாரத்துக்கு. அந்த அம்மா அடுப்படியில் பழைய வால்வு ரேடியோவோடு இருந்தார். நான் அந்நிய ஆள் என்பதால் முன்கூடத்துக்கு வரமாட்டார். மரைக்காயர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "இருவது வருசம் ஒத்தையா குடும்பத்த இழுத்தவ தம்பி. சாயங்காலத்துல ஒக்காந்து பேசலாம்னா எனக்குப் பேச்சே வரல. நான் அங்க கேட்ட பாட்ட அவளும் கேட்டா ஏதாச்சும் பேச்சு வரும்னு பார்த்தேன். அவளுக்கு ஒட்டல. எனக்கும் இங்க ஒட்டல. பெனாங்குல கூட்டாளி திரும்பக் கூப்புடுறாரு. இது சரிவரலைன்னா நோன்புப் பெருநாள் முடிஞ்சதும் கப்பலேறிடுவேன்."

ரேடியோ ரிப்பேருக்குப் போன இடத்தில் ஒரு குடும்பமே என் தலையில் வந்து உட்கார்ந்தது. "அம்மா என்னதான் சொல்றாங்க பாய்?" என்று கேட்டேன். அவர் உள்கட்டுத் திரைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "ஆஸ்பத்திரியில பாட்டு வச்சாப்ல இருக்குதாம்."

கண்டக்டர் கொண்டுவந்த தீர்ப்புகள்

மொசைக் தரையில் ஒலி மோதித் திரும்புகிறது என்பது என் முதல் கண்டுபிடிப்பு. ஸ்பீக்கர் பெட்டிகளைச் சுவரிலிருந்து தள்ளிவைத்து, எதிர்ச்சுவரில் ஒரு பெரிய ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன். எனக்குப் பிரமாதமாகக் கேட்டது. நான் கிளம்பியபிறகு அம்மா கேட்பார், முடிவைச் சிதம்பரம் பஸ் கண்டக்டர் மூலம் மரைக்காயர் சொல்லி அனுப்புவார் என்று ஏற்பாடு. கண்டக்டர் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, படியில் நின்றபடியே கத்தினார். "பாட்டு அப்புடியேதான் இருக்காம்! வூட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்களாம், படுக்கறதுக்கு ஜமக்காளத்தக் கழட்டிக்கிட்டாங்களாம்!"

அடுத்தது வால்வு. பழைய ரேடியோவில் இருக்கிற குழைவு வால்விலிருந்துதானே வருகிறது? இரண்டு வால்வு போட்டு ஒரு சின்ன மரப்பெட்டி செய்து, பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் மாட்டினேன். என் கையால் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை என்று இன்றைக்கும் சொல்வேன். பாட்டு வெண்ணெயாக வந்தது. மரைக்காயரே அசந்துபோனார். இந்தத் தடவை தப்பாது என்று மார்தட்டிக்கொண்டு கடலூர் திரும்பினேன். கடையில் கோவிந்தன், பக்கத்து மேசை மெக்கானிக், "மச்சான் இனிமே நம்மகிட்டல்லாம் பேசுவாரா?" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தான். அப்போது பஸ் வந்தது.

"மரப்பெட்டி சூடா இருக்குதுன்னு பூனை அதும்மேலயே படுத்துக்கிச்சாம்! பூனைக்குப் புடிச்சிருக்கு, அம்மாவுக்குப் புடிக்கலையாம்!"

சொல்லாமல் போன நாள்

பெருநாள் நெருங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் சரியில்லை. யாரோ ஒருவர் கப்பலேறினால் எனக்கென்ன என்று இருக்க முடியவில்லை. அந்த மனிதர் குரலைத் தணித்துப் பேசியது காதிலேயே நின்றது. ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் சிதம்பரம் போய் இறங்கினேன்.

முன்கூடம் நிறைய ஆட்கள். மரைக்காயரின் சிநேகிதர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மேளம் தாளம் ஒன்னும் இல்லாம ஒத்தக் குரல்ல என்னா தைரியமாப் பாடுறா பாரு" என்று ஒருவர் மெச்சிக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தட்டை நான் பத்துத் தடவை போட்டுக் கேட்டிருக்கிறேன். கிடாரும் தாளமும் பின்னி எடுக்கும். சுற்றிலும் பார்த்தேன். கூடத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டிதான் இருந்தது. இன்னொன்றின் ஒயர் தரையோடு ஓடி, உள்கட்டுத் திரைக்கு அடியில் மறைந்திருந்தது.

"அது எங்க பாய்?" என்றேன். அவர் ரொம்ப இயல்பாகச் சொன்னார். "உள்ள. ஆம்பளைங்களுக்கு ஒன்னு, பொம்பளைங்களுக்கு ஒன்னுன்னுதானே ரெண்டு குடுத்திருக்கான்? நீங்க வர்றப்ப மட்டும் எடுத்தாந்து வெளிய வச்சிடுவோம். நீங்க உள்ள போவ முடியாதுல்ல?"

திரைக்கு அந்தப் பக்கம்

ஸ்டீரியோவில் இரண்டு பெட்டியும் ஒரே பாட்டை ஆளுக்கொரு தடவை பாடுவதில்லை. ஒரு பாட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். அந்த மலாய்த் தட்டுகளில் குரல் ஒரு பெட்டியில், வாத்தியம் இன்னொரு பெட்டியில். ஆக இத்தனை மாதமாக முன்கூடத்துக்குப் பாட்டும், அந்த அம்மாவுக்குத் தாளமும்தான் போய்க்கொண்டிருந்தது. அவருக்காக நான் வால்வு போட்டு வெண்ணெயாக்கியது வெறும் கிடாரை.

சிநேகிதர்கள் போனபிறகு விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு பெட்டியும் ஒரே எடத்துல இருக்கணும் பாய். வர்றவங்களுக்கா, வூட்டுக்கா, நீங்களே சொல்லுங்க." வாசலையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு முன்கூடத்துப் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பின்னாலேயே செட் மொத்தமும் உள்ளே போயிற்று. ஒயரைக் கழற்றி மாட்டிப் பழக்கமில்லாத மனிதர். நான் திரைக்கு வெளியே நின்று "செவப்ப செவப்புல மாட்டுங்க" என்று கத்தக் கத்த, உள்ளே மாட்டினார். பாட்டு ஆரம்பித்தது. குரலும் கிடாரும் சேர்ந்து. ஆளில்லாத முன்கூடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அடுப்படி ரேடியோ நின்றது. வளையல் சத்தம் பெட்டிப் பக்கம் வந்து அடங்கியது. பாட்டு முடிந்ததும் அந்த அம்மாவின் குரலை முதல்முறையாகக் கேட்டேன். "இவ்ளோ நல்ல பாட்டயா அங்க ஒத்தையில ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

மரைக்காயர் கப்பலேறவில்லை, பாட்டுக்கு இதம் சேர்க்கிற மெக்கானிக் என்று சிதம்பரம் வட்டாரத்தில் எனக்குப் பெரிய பெயர் கிடைத்தது, ஆனால் அந்த வீட்டில் நான் செய்த உருப்படியான ஒரே வேலை திரைக்கு வெளியே நின்று கத்தியதுதான்.