அப்போஸ்தலர்களின் சீனியாரிட்டி

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில், அத்தான் வீட்டு முன்னறைத் தரையில் படுத்துத்தான் நான் டெல்லிக்குப் பழகினேன். அத்தான் என் அக்காவின் கணவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எனக்கு வேலைக்கான விண்ணப்பம் வாங்கி வந்தது அவர்தான். தேர்வுக்கு எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். முதல் குளிர்காலத்தில் தன் கம்பளிக் கோட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, தனக்குக் குளிரே தெரியாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பிறகு நடந்ததைப் படிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஓர் அமைச்சகத்தில் ஊழியர்களின் பணிமூப்பைத் தீர்மானிக்கும் பிரிவில் இருந்தேன். யார் யாருக்கு மூத்தவர், யாருடைய பழைய சேவை செல்லும், யாருடையது செல்லாது என்பதைச் சொல்வது என் வேலை. அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை.

எங்கள் கோவிலில் மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை. குமாஸ்தாக்கள், நர்ஸுகள், ஆசிரியைகள், கட்டட வேலைக்கு வந்து ஜுக்கிக் குடிசைகளில் இருந்தவர்கள் என்று கலவையான கூட்டம். நான் அதற்குச் செயலாளர். யாரும் கேட்டுக்கொண்டதாக ஞாபகமில்லை. ஒரு வருஷம் பெரிய வியாழனுக்குப் பாதம் கழுவப் பன்னிரண்டு ஆண்களைத் தமிழர்களே அனுப்பலாம் என்று முடிவாயிற்று. ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேர் முன்னால் மண்டியிட்டுக் கால் கழுவுவார். மனிதன் கீழே இறங்கக் கற்றுக்கொள்ள ஏற்பட்ட சடங்கு. அதில் முதல் நாற்காலி யாருக்கு என்பதுதான் எங்கள் முதல் கேள்வி.

ஒருவர் கோவிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவர். இன்னொருவரின் மனைவி பாடற்குழுவை நடத்துபவர். சத்தம் கூடியபோது நான் எழுந்து, இந்தக் கோவிலின் பங்கில் சேர்ந்த காலத்தை வைத்து வரிசைப்படுத்துவோம் என்றேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அத்தான் ஆரம்ப காலத்து ஆள். ஆனால் நடுவில் மோதி பாக் பகுதியில் வீடு கிடைத்துச் சில வருஷம் அங்கே இருந்து, வேறு பங்கில் பூசை கண்டு திரும்பியவர். அலுவலக விதிப்படி அது சர்வீஸ் பிரேக். முந்தைய காலம் கணக்கில் வராது. அத்தான் பன்னிரண்டாவது ஆனார்.

பன்னிரண்டாவது நாற்காலி யாருடையது என்று எங்கள் ஜனங்களுக்குத் தெரியும். ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த சீடனுடையது. இது எனக்கும் தெரியும். ஆனால் சொந்த அத்தானுக்குக்கூடச் சலுகை காட்டாத என் நேர்மை அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அறிவிப்புப் பலகையில் வரிசையைப் பார்த்துவிட்டு அத்தான் "அச்சா" என்றார். பெரிய வியாழன் அன்று அவர் வரவில்லை. சாமியார் பதினோரு பேருக்குக் கழுவி முடித்து, காலி நாற்காலி முன்னால் துண்டோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பீடத்துக்குத் திரும்பினார்.

அதன்பிறகு அத்தான் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துத் தொலைவில் உள்ள வேறொரு கோவிலுக்குப் போனார். என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அக்கா மட்டும், தான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மீன் குழம்போடு வந்து, என் மனைவியிடம் ரூல்காரன் எப்படி இருக்கான் என்று விசாரித்துவிட்டுப் போவாள். ஒரு வருஷத்துக்கும் மேல் இப்படியே போயிற்று.

எங்களுக்குப் பெண் பிறந்தாள். என் மனைவி தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. முடிவுகளை இரண்டாவது முறை சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. பிள்ளைக்கு ஞானத்தகப்பன் அத்தான்தான், அவர் வந்து தூக்கினால்தான் ஞானஸ்நானம் என்றாள். ஊரிலிருந்து அம்மா ஏன் இன்னும் ஆகவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் திருச்சபைச் சட்டத்தைப் பார்த்தேன். ஞானத்தகப்பன் நேரில் வராவிட்டால் அவர் சார்பில் வேறொருவர் நிற்கலாம். இதை மனைவியிடம் விளக்கினேன்.

"பிள்ளையத் தூக்குறதுக்கு ப்ராக்ஸியா? அப்ப பால் குடுக்கவும் ஒரு ஆளப் போட்டுருங்க. எனக்கும் பள்ளிக்கூடத்துல வேல கெடக்கு" என்றாள்.

பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். தமிழ்ப் பூசை வைக்க வரும் வயதான சாமியார் உட்கார்ந்திருந்தார். அத்தானின் ஆங்காரத்தையும், அதை நான் பொறுத்துவரும் விதத்தையும் கோர்வையாக எடுத்துச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"இது அவரோட பாவம். அத அவரே வந்து சொல்லட்டும். உங்களோடது என்ன?"

நான் விதிப்படிதான் நடந்தேன் என்றேன். ஏழு தலையான பாவங்களில் ஆங்காரம் முதலாவது என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்திருக்கிறேன். ஏன் முதலாவது என்று கேட்டதில்லை. அன்று அவர் சொன்னார்: "திருடுனவனுக்குத் திருடுனது தெரியும். குடிச்சவனுக்குக் காலைல தலைவலி சொல்லிரும். இது மட்டும் நல்ல குணம் மாதிரியே உள்ள உக்காந்திருக்கும். அடுத்தவன் சொன்னாத்தான் உண்டு." அவர் கொடுத்த பரிகாரம், ஒருமுறை அத்தான் வீட்டுக்குப் போய்வருவது. ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

குளிர்கால ஞாயிறு, மதியம். அத்தான் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, வெயிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடியே ஆரம்பித்தேன். விதி எல்லாருக்கும் பொதுவாக வைத்தது, யாரையும் மனதில் வைத்து அல்ல என்று ஒரு வாக்கியம் முடிந்திருக்கும்.

"மாப்ள, நீ மன்னிப்புக் கேக்க வந்தியா, வெளக்கம் சொல்ல வந்தியா?"

வருந்துகிறேன் என்று கோப்புகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். வாயால் சொல்வது வேறு வேலை. சொன்னேன். விளக்கம் சேர்க்காமல் சொன்னேன்.

அத்தான் கைக்குள் இருந்த தோலை ஊதிவிட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார். நாற்காலி பெரிசில்லை என்றார். "மச்சினன்தான் செக்ரட்டரி, மொத நாற்காலி எனக்குத்தான்னு ஆபீஸ் பூரா சொல்லி வச்சிருந்தேன். அதான் தாங்கல."

நான் தவறு என்னுடையது என்றேன். இல்லை, தான் வயதில் மூத்தவன், தவறு தன்னுடையதுதான் என்றார் அத்தான். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அக்கா தலைமுடியை அள்ளி முடிந்தபடி வெளியே வந்தாள்.

"ராத்திரி டூட்டி பாத்துட்டு இப்பதான் படுத்தேன். ரெண்டு பேருல யாரு பெரிய பாவின்னு மெதுவாப் பேசி முடிங்க. ஜெயிச்சவங்க வந்து டீ போடுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டீயை அத்தான்தான் போட்டார். தம்ளரை என்னிடம் நீட்டும்போது, பாப்பாவுக்கு என்ன பேரு என்று கேட்டார்.

பெயரை அவள் பிறக்கும் முன்பே நான் தேர்ந்தெடுத்திருந்தேன். எழுத்து, உச்சரிப்பு, டெல்லியில் இந்திக்காரர்கள் வாயில் நுழையுமா என்பது எல்லாவற்றையும் பரிசீலித்து எடுத்த முடிவு. சொல்ல வாயைத் திறந்தேன்.

"நீங்கதான் வைக்கணும், அத்தான்."

கோவிலில் சொல்கிறேன் என்றார்.

பங்கு அலுவலகத்தில் பெயரை முன்கூட்டியே கேட்டார்கள். அன்றைக்குத்தான் தெரியும் என்றேன். அப்படி வழக்கமில்லை என்றார் எழுத்தர். வழக்கமில்லை என்று எனக்கும் தெரியும் என்றேன். அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டு எழுதினார்.

ஞானஸ்நானச் சடங்கு கோவில் வாசலிலேயே தொடங்கும். பிள்ளையின் பெயரைக் கேட்டு, அதன்பிறகுதான் உள்ளே அழைப்பார்கள். அத்தான் கஞ்சி போட்ட சட்டையில், நேரத்துக்கு முன்பே வந்து நின்றார். என் மனைவி கையிலிருந்து பிள்ளையை வாங்கினார். பிள்ளை தூக்கிப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கழுத்துக்குக் கீழே கையைக் கொடுங்கள் என்று அக்கா பின்னாலிருந்து சொன்னாள். வெள்ளை உடுப்புக்குள்ளிருந்து என் மகள் அவர் பித்தானைப் பிடித்துக்கொண்டாள்.

சாமியார் பெயர் என்ன என்று கேட்டார். பெற்றோர் சொல்ல வேண்டிய பதில் அது. நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

என் மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களோடு சேர்ந்து நானும் என் மகளின் பெயரை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். நல்ல பெயர். எனக்குத் தோன்றியிருக்காது. அத்தான் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறி உள்ளே போனார். நாங்கள் அவர் பின்னால் போனோம்.