ஒரு வாய் சொன்னால் கதை

“பேக்கரியத் தாண்டுனா லைப்ரரி. அதுக்கு எதிர்ல, போட்டோ ஸ்டூடியோவுக்கு அடுத்த மாடி” என்று சொல்லிக்கொண்டே ஜெராக்ஸ் அக்கா இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து, சிக்கிய தாளை உருவுகிறாள். பார்சல் கொண்டுவந்தவர் தெருவை இரண்டு முறை அளந்துவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருகிறார்.

“அக்கா, பேக்கரியே இல்லையே?”

“இப்ப இல்ல. இருந்துச்சில்ல?”

பேக்கரி இருந்த இடத்தில் டைல்ஸ் கடை வந்து ஒன்பது வருடமாகிறது. லைப்ரரி செல்போன் கடையாகிவிட்டது. ஸ்டூடியோவை இடித்தார்கள், கட்டினார்கள், மறுபடி இடித்தார்கள். தற்சமயம் அது ஒரு பள்ளம். ஆனாலும் அக்கா வழி சொல்வது செத்த கடைகளை வைத்துத்தான். உயிரோடிருக்கும் கடைகள்மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. “இருக்கிற கடை நாளைக்கே போர்டை மாத்திரும். போன கடை எங்கயும் போகாது.”

வயது ஐம்பத்தெட்டு. கண்ணாடி மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். பார்ப்பது என்னவோ அதற்கு மேலாகத்தான். வலது கட்டைவிரலில் எப்போதும் கறுப்பு மை. எந்தக் காகிதத்தையும் படிக்காமல் நகல் எடுத்த பாவம் அவளுக்கு இல்லை. “சுகர் இருநூத்திப் பத்தா? அப்புறம் எதுக்கு சார் பையில கிரீம் பிஸ்கட்?” என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்பாள். திட்டிக்கொண்டே போகிறவர்கள் மறுநாள் திரும்பி வருவார்கள். அடுத்த ஜெராக்ஸ் கடைக்கு நான்கு தெரு நடக்கவேண்டும்.

குடியிருப்போர் சங்கம் தன் மன்றச் சுவரில் தெருவின் பழைய வரைபடத்தைத் தீட்ட முடிவு செய்தபோது, பொறுப்பை அக்காவிடம் கொடுத்தது. கொடுத்தது என்பது மரியாதைக்கு. கூட்டத்தில் அவளே எழுந்து வாங்கிக்கொண்டாள். நான்கு பெரிய தாள்களை ஒட்டி, மேசைமேல் விரித்து, இருந்த கடைகளுக்கெல்லாம் கட்டம் போட்டாள். உறுதியான கடையின்மேல் ஒரு பொத்தான் வைப்பாள். அவளிடம் பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான்கள் உண்டு. அவை எங்கிருந்து வந்தன என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு சட்டம் போட்டாள். “ரெண்டு வாய் வேணும். ஒரு வாய் சொன்னா அது கதை. ரெண்டு வாய் சொன்னாத்தான் கடை. கடை வெச்சவங்க வாயை ஒண்ணா எடுத்துக்கலாம், அவங்க வீட்டு ஆளுங்க வாய் சேராது. வந்தவங்களுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவும் கூடாது.”

முதலில் அடிபட்டவர் சங்கச் செயலாளர். தெருக்கோடியில் தன் அப்பா ஐஸ் ஃபேக்டரி நடத்தினார் என்றார். சாட்சிக்குத் தம்பியைக் கூட்டி வந்தார்.

“வீட்டு வாய். செல்லாது.”

“ஃபேக்டரிம்மா அது! லாரி வந்து நிக்கும்!”

“லாரி எதிர்வீட்டுக்கு மணல் கொட்ட வந்துச்சு சார். நீங்க சொல்ற ஃபேக்டரியில ஒரு ஃப்ரிட்ஜும் உங்கப்பாவும்தான் இருந்தாங்க.”

செயலாளர் மூன்று நாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

வரைபடத்தில் பொத்தான் ஏறாத கட்டம் இன்னொன்றும் இருந்தது. இன்றைக்கு ஏடிஎம் இருக்கும் இடம். அதற்கு முன்னால் அங்கே மருந்துக்கடை. வருகிற ஒவ்வொருவரிடமும் அக்கா, தாளைப் பார்த்தபடி, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பாள்: “மருந்துக்கடைக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?”

“காலியா கிடந்துச்சு” என்றார் சைக்கிள் கடைக்காரர்.

“ஒரு செவப்பு நாய் படுத்திருக்கும்” என்றாள் நர்ஸ் அம்மா. அதற்கடுத்த நாள் கண்ணாடிக்கடைக்காரரும் அதே நாயைச் சொன்னார். ஆக, சட்டப்படி நாய்க்கு இரண்டு வாய் கிடைத்துவிட்டது.

அங்கே இருந்தது பொத்தான் கடை. இருபத்தேழு வயதில், கழுத்துச் சங்கிலியை விற்று, அக்கா தொடங்கிய முதல் கடை. பொத்தானைத் தவிர வேறெதுவும் விற்கவில்லை. பதினோரு மாதத்தில் மூடினாள். மிச்சமான சரக்குதான் அந்த டப்பா.

“எனக்கு ஞாபகம் இருக்கே” என்றார் அவள் கணவர், லிப்ட் மெக்கானிக். “நாமதானே ஷட்டரை இழுத்து மூடினோம்.”

“உங்க வாய் செல்லாதுங்க.”

“முப்பது வருஷமா வீட்டுலயும் அப்படித்தானே” என்று அவர் தொலைக்காட்சி பக்கம் திரும்பிக்கொண்டார்.

திங்கட்கிழமை பெயின்டர் வருவதாக இருந்தது. சனிக்கிழமை அக்கா ஏடிஎம்முக்குள் போய்ச் சும்மா நின்றாள். அந்தச் சுவரில்தான் பெட்டி பெட்டியாகப் பொத்தான் அடுக்கியிருந்தாள். காவலாளி எட்டிப் பார்த்தார்.

“கார்டு மாட்டிக்கிச்சாக்கா?”

“இல்ல தம்பி. கடை மாட்டிக்கிச்சு.”

அன்று மாலை செயலாளர் வந்தார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “மெக்கானிக் சார் சொன்னாரு, உங்க கடையைப் பத்தி. நீங்க என் ஐஸுக்குச் சொல்லுங்க. நான் உங்க பொத்தானுக்குச் சொல்லிடுறேன். யாருக்கு என்ன நஷ்டம்?”

அக்கா டப்பாவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்து, அந்தக் கட்டத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு டப்பாவிலேயே போட்டாள்.

“இன்னிக்கு ஐஸை ஒத்துக்கிட்டா, நாளைக்கு உங்க தாத்தா ஏரோப்ளேன் ஓட்டுனாருன்னு வருவீங்க. போங்க சார்.”

ஞாயிறு காலை வந்தார் பழைய டெய்லர். பல வருடம் முன்பே, ஜெராக்ஸ் கடை வருவதற்கும் முன்னால், பேட்டையை விட்டுப் போனவர். தன் தையல் கடை சுவரில் ஏறுகிறது என்று கேள்விப்பட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஊருக்கெல்லாம் தைத்தவரின் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. முன்னாலேயே வந்து காத்திருந்த செயலாளர் அவரைக் கடைக்குள் உட்காரக்கூட விடவில்லை.

“டெய்லர், எங்கப்பா ஐஸ் ஃபேக்டரி ஞாபகம் இருக்கா?”

“ஃபேக்டரியா? ஒரு ஃப்ரிட்ஜ் இருந்துச்சு. கதவு மூடாது, கல்லு வெச்சிருப்பாரு.”

செயலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அக்கா பேனாவைத் திறந்தாள். பார்வை தாளை விட்டு எழவில்லை.

“மருந்துக்கடைக்கு முன்னாடி அங்க என்ன இருந்துச்சு?”

“அங்கயா...” டெய்லர் தாடையைச் சொறிந்தார். “நாய் ஒண்ணு கிடக்கும்.”

“சரி.”

“நாய் ஏன் அங்க கிடக்கும்? கடை நிழல் இருந்துச்சு, கிடந்துச்சு. பொத்தான் கடைங்க! ஒரு பொண்ணு வெச்சிருந்தா. அடேயப்பா, என்னா வாய்! ஒரே ஒரு பொத்தான் குடும்மான்னா, ‘ஒத்தையாத் தர்றதில்ல, சட்டையில அஞ்சு இருக்கே, மத்த நாலு என்ன பாவம் பண்ணுச்சு’ன்னு கேப்பா. அவளுக்குப் பயந்து நான் ஊக்கு குத்தி டெலிவரி பண்ணியிருக்கேன். ஒரு வருஷம்கூட தாங்கல, மூடிட்டா. தெருவே நிம்மதியா மூச்சு விட்டுச்சு.”

செயலாளர் கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

அக்கா ஒவ்வொரு வார்த்தையாக எழுதினாள். “‘என்னா வாய்’க்கு அப்புறம் என்ன சொன்னீங்க? மெதுவா சொல்லுங்க, விட்டுப்போச்சு.” அவர் மெதுவாகச் சொன்னார். அதையும் எழுதினாள்.

பிறகு டப்பாவைத் திறந்து, ஒரு பொத்தானை அந்தக் கட்டத்தின்மேல் வைத்தாள். மறுபடி கையை விட்டுத் துழாவி, நிறம் பார்த்து, அளவு பார்த்து, வெள்ளைப் பொத்தான்களாக ஐந்தை எண்ணி டெய்லரின் பக்கம் தள்ளினாள்.

டெய்லர் தன் சட்டையைப் பார்த்தார். ஐந்து பொத்தான்களைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாகத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த கண்களைப் பார்த்தார். அவர் கை தானாக எழுந்து வாயைப் பொத்தியது.

அக்கா எழுதிய தாளை அவர் பக்கம் திருப்பிவைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் மை படிந்த கட்டைவிரலை ஊன்றிக்கொண்டாள்.