புதுக் கியர் கம்பி

பட்டறையிலிருந்து வந்த மகன் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திக் கியரை மாற்றிக் காட்டினான். தேய்ந்த கம்பியைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டிருக்கிறானாம். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. செத்துப்போன அப்பா மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். அப்பா ராசிபுரத்தில் நெய் வியாபாரி. அவருடைய மோட்டார் சைக்கிளுக்குக் கையால் மாற்றும் கியர். கம்பி தேய்ந்திருந்ததால் மாற்றும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுக்கும். வண்டியோடு பக்கவாட்டில் மாட்டிய சைடுகார் தொட்டியில் அம்மா, அவள் மடியில் நான். தம்பி வயிற்றில் இருந்தபோதும் கெஞ்சினாள்.

"ஏனுங்க, இதைச் சரி பண்ணக் கூடாதுங்களா? இடுப்பு உட்டுப்போவுதுங்க."

"வண்டின்னா அப்பிடித்தான்."

ஒருநாள் சேலத்தில் வாங்கிய கிராமபோன் தட்டை அதே தொட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வண்டி வெட்டியதில் தட்டு இரண்டாக உடைந்தது. மறுநாளே கொல்லரிடம் சொல்லிப் புதுக் கம்பி அடித்துப் போட்டுவிட்டார்!

"ஏறு, இப்பக் குலுங்காது" என்றார்.

"தட்டுக்குத்தானுங்களே பண்ணுனீங்க, அதையே ஏத்திக்கிட்டுப் போங்க" என்ற அம்மா, சந்தைக்கு நடந்தே போனாள். சாகும்வரை அதில் ஏறவில்லை.

"ஏறுங்கம்மா" என்றான் மகன்.

"எதுக்குடா திடீர்னு மாத்துன?"

"இடுப்பு வலிக்குதுன்னு நேத்துச் சொன்னீங்கல்ல."

ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருந்தேன்.