சுமலதாவின் சாய்தளம்

சுமலதாவைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் உண்டு. அவளிடம் நன்றாக மூக்குடைபட்டவன் நான். அதைவிட என்ன யோக்கியதை வேண்டும்?

அவள் தேங்காய்த்திட்டுப் பெண். அம்மா முத்தம்மாள் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். சிவில் டிப்ளமோ முடித்த கையோடு, 2007இல் புதுச்சேரியில் எங்கள் ஆபீசுக்கு வந்தாள். பிரான்சில் கட்டுகிற கட்டடங்களுக்கு இங்கே உட்கார்ந்து படம் போட்டுக்கொடுக்கிற ஆபீஸ். முதலாளி தெய்வநாயகத்தை நாங்கள் ஐயா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் ‘மிசே’ என்றுதான் கூப்பிட வேண்டும். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தாராம். அதற்கு நாங்கள் என்ன பாவம் செய்தோமோ தெரியாது.

ஆறு மாதத்தில் நிரந்தரம் என்று சொல்லித்தான் அவளைச் சேர்த்தார். ஆறு பதினாறானது. மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும், “அடுத்த மாசம் லெட்டர் குடுத்துடறேம்மா” என்றார். அதற்குள் 2008 டிசம்பர் வந்துவிட்டது. உலகப் பொருளாதாரமே கவிழ்ந்துகொண்டிருந்தது. பொங்கல் கழிந்ததும் லெட்டர் இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. சுமலதாவுக்குச் சோறு இறங்கவில்லை. வேலை போனால் அம்மா பக்கத்தில் கூடையோடு உட்கார வேண்டியதுதான் என்று என்னிடமே சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட், ஆஸ்பத்திரி ஒன்றின் வேலையை அனுப்பினார். முப்பத்தோரு வாசல். ஒவ்வொன்றுக்கும் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம். ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு உயரம். புதிதாக வந்த முப்பரிமாண சாஃப்ட்வேரில் ஒரே ஒரு சாய்தளம் செய்துகொடுங்கள், உயரத்தைத் தட்டினால் நீளம் தானாகச் சரியாக வேண்டும், சாய்வு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டவே கூடாது என்றார்.

மிசே அதை என்னிடம் கொடுத்தார். தணிகாசலம் சீனியர், பதினோரு வருஷமாகக் கோடு போடுகிறவர் என்று பெருமை வேறு. நானும் என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். சாய்வாகவே ஒரு பலகையை வரைந்து, பக்கத்தில் அளவை எழுதி, ஒரே நாளில் முடித்துவிட்டேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

சுமலதா எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, இது படம்ணே. உயரத்த மாத்துனா ஒடஞ்சிடும்.”

“நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் படம் போட்டவன்” என்றேன். அது பொய். அவள் பிறந்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

மதியச் சாப்பாட்டு வேளைகளில் அவளாகவே ஒன்று செய்தாள். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைக் கோடு. அதன் ஒரு முனையைத் தரையில் அறைந்துவிட்டாள். இன்னொரு முனை ஏறி இறங்கலாம். பலகையை அந்தக் கோட்டோடு கட்டினாள். கோடு எப்படிச் சாய்கிறதோ அப்படியே பலகையும் சாயும். உயரத்தை இருபதால் பெருக்கினால் நீளம் என்று கணக்கையும் உள்ளேயே எழுதிவைத்தாள். அவ்வளவுதான் விஷயம். பதினோரு வருஷத்தில் எனக்கு அது உறைக்கவில்லை, போங்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டெமோ. எங்கள் திரை பிரான்சில் தெரிகிறது. ஸ்பீக்கர் போனில் ஆர்க்கிடெக்ட். மிசே என் சாய்தளத்தைத் திறந்து பிரெஞ்சில் அளந்தார். அந்த மனுஷன், நாற்பத்தைந்து சென்டிமீட்டரை அறுபதாக்குங்கள் என்றார். தட்டினேன். பலகையின் ஒரு முனை மேலே போனது, மறுமுனை அங்கேயே நின்றது. அப்பளம் ஒடிந்த மாதிரி நடுவில் பிளந்து, திரை முழுக்க எச்சரிக்கை. எனக்குக் காது வரை சூடேறியது.

மிசே சுமலதா பக்கம் திரும்பினார்.

“நீ ஏதோ பண்ணி வெச்சிருக்கியாமே, அதத் தொறம்மா.”

சுமலதா டிராயரைத் திறந்தாள். அதில் அவளே டைப் அடித்து வைத்திருந்த நிரந்தர நியமனக் கடிதம். மேலே பேனாவை வைத்து அவர் முன்னால் தள்ளினாள்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மிசே.”

“இன்னாம்மா இது, லைன்ல ஆள் இருக்கான்!”

அவள் கையைக் கட்டிக்கொண்டாள். மீன் ஏலத்தில் அப்படித்தான். விலையைச் சொல்லிவிட்டால் அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தவன் இறங்குவான். போனில் “அலோ? அலோ?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. மிசேவின் நெற்றியில் வேர்வை.

“திங்கக்கெழம கண்டிப்பா போடறேன். என் வார்த்தைய நம்பமாட்டியா?”

“எங்கம்மா லட்ச ரூபா மீன வெறும் வாய்வார்த்தைல எடுக்கும் மிசே. அங்க அது போதும். உங்ககிட்ட மூணு தரம் வாய்வார்த்த வாங்கிட்டேன். இப்ப எழுத்து வேணும்.”

போட்டார். “சீலு?” என்றாள். அதையும் குத்தினார்.

பிறகுதான் கோப்பைத் திறந்தாள். அறுபது என்று தட்டினாள். சாய்தளம் அலுங்காமல் பன்னிரண்டு மீட்டருக்கு நீண்டது. எண்பது. பதினாறு மீட்டர். ஆர்க்கிடெக்ட் முப்பத்தோரு உயரத்தையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுகூட உடையவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதே சமயம் கை தட்ட வேண்டும் போலவும் இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. அப்படி ஒரு கடிதம் என்னிடமும் கிடையாது. பதினோரு வருஷத்தில் கேட்கவே தோன்றவில்லை. நேராக மிசே அறைக்குப் போனேன்.

“உனக்கெதுக்கு தணிகாசலம் லெட்டரு? நீ நம்ம ஆளு” என்று தோளில் தட்டினார்.

குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன். பொங்கல் கழிந்ததும் முதலில் வெளியே அனுப்பப்பட்டது நம்ம ஆளுதான்.